முதல் பயனாளி

தண்ணீர் வேண்டுமென்றால் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இது கொஞ்சம் மூச்சு வாங்குகிற கதை.

கோவில்பதாகையில் ரேணுகா என்று ஒருத்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிறவள். அவள் வீட்டுக்காரன் சம்பத், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவன் கூவுகிற குரலைக் கேட்டே அந்த ரோட்டில் பாதிப் பேர் வண்டி ஏறுவார்கள். அந்தக் குரல் ஒரு சித்திரை வெயிலில் 'பூந்தமல்லி' என்று ஆரம்பித்து 'பூந்த' என்பதோடு நின்றுபோனது. மிச்சத்துக்கு மூச்சு இல்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும், காலத்தோடு மாற்றிவிட்டால் பழையபடி கூவி ஆள் ஏற்றலாம் என்று. கையில் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனி மாதத்தில் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். ரேணுகா கம்பெனியில் லீவு சொல்லி வைத்தாள். கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து அரசாங்கம் சுகாதாரத்தைச் சீர்திருத்துவது என்று முடிவு செய்தது.

சீர்திருத்தத்தின் பெயர் 'முழுநலம்'. அதுவரை இருந்ததெல்லாம் அரைகுறை நலம் என்று ஜனங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் எல்லா நோய்க்கும் ஒரே அட்டை. பாடி மேம்பாலத்துத் தூண்களில்கூட எழுதிவிட்டார்கள்.

ஒரு காலையில் சம்பத்தும் ரேணுகாவும் மாத்திரை வாங்க சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே முழுநலத்தின் செயலாக்க அலுவலர் நடேசன் வந்து இறங்கினார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத முகம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார், சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி.

"உங்களுக்கு என்னம்மா?"

"மூலம் சார்."

நடேசன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "மேடையில சொல்ற மாதிரி இல்லையேம்மா."

அடுத்தவருக்குச் சர்க்கரை. "சர்க்கரை எனக்கே இருக்கு. அதுல என்ன விசேஷம்?" என்று நகர்ந்தார். அதற்கடுத்தவர் இருமினார், அவரைக் கேட்காமலே நகர்ந்தார். சம்பத்திடம் வந்தார்.

"இதயம் சார்," என்றாள் ரேணுகா. "வால்வு போய்ட்ச்சாம்."

"இதயம்!" நடேசனின் முகம் மலர்ந்தது. "சின்னக் குழந்தைக்கும் புரியும். போஸ்டர்ல வரையலாம். படி ஏறுவீங்களா?"

"நின்னு நின்னு ஏறுவேன் சார்," என்றான் சம்பத்.

"அதான் வேணும். பாக்கறவங்களுக்கு உருக்கமா இருக்கும். வாழ்த்துகள்! முழுநலத்தோட முதல் பயனாளி நீங்கதான்."

பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மூலக்காரம்மா மட்டும் தட்டவில்லை. நர்ஸ் ஆக்னஸ் ஊசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "சார், இவங்களுக்கு ஏற்கெனவே தேதி குடுத்தாச்சு. ஆனியில ஆபரேஷன்."

"அது பழைய திட்டத்துத் தேதி சிஸ்டர். புதுசுல சேர்ந்த நிமிஷமே பழசுலேர்ந்து பேரு தானா நீங்கிடும். ரெண்டு எடத்துலயும் ஒரே ஆள் நோயாளியா இருக்கக் கூடாது பாருங்க, அதான் சீர்திருத்தமே."

"அப்போ புதுசுல எப்போ சார் பண்ணுவாங்க?"

"விழா முடிஞ்சதும். முதல் அட்டையை மேடையில குடுத்தாத்தானே திட்டம் தொடங்கும்?"

"விழா எப்போ?"

"சிறப்பு விருந்தினர் தேதி குடுத்ததும்."

ஆக்னஸ் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஆனால் இந்தப் பேச்சு நடக்கும்போதே நடேசனோடு வந்தவர் சம்பத்தின் கட்டைவிரலை ஒரு கருவியில் வைத்து அழுத்தியாகிவிட்டது. கருவி 'நன்றி' என்றது. 'பரவால்ல' என்றான் சம்பத்.

ரேணுகாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத பாதியிலும் ஏதோ நல்லதுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

ஆனி மாதம் வந்தது. ஆபரேஷன் இல்லை, ஒத்திகை இருந்தது. ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். ஒத்திகையை நடத்தியவள் நிவேதிதா. கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு இப்போது அரசாங்கத்துக்கு விழா வடிவமைப்பவள். நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. இளநீர் வெட்டிக் கொண்டுவரச் சொல்லி, சம்பத்துக்குத் தன் கையாலேயே கொடுத்தாள். சிறப்பு விருந்தினருக்குப் பதிலாக நடேசனின் டிரைவர் அருள் மேடையில் நின்றான். தெர்மாகோலில் செய்த அட்டை ஒன்றை, வாசல் கதவு அகலத்துக்கு, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணா, வலது கால் முதல்ல. ரெண்டு கையாலயும் வாங்கணும்ங்க. வாங்கினதும் கேமராவைப் பாக்கணும். ரொம்ப நல்லா பண்றீங்ணா. ஒண்ணே ஒண்ணு, நீங்க மூச்சு வாங்கறது மைக்ல கேக்குது."

"அடக்கிக்கிறேன்மா."

"ஒரு நிமிஷம் அடக்கினா போதுங்ணா."

சம்பத் அடக்கினான். மேடையிலிருந்து இறங்குகிறபோது கண் இருட்டி அருளின் தோளில் சாய்ந்தான். "இன்னா மாமே, இப்பவே இப்பிடி கீற?" என்றான் அருள். நடேசன் கீழேயிருந்து, "அந்தச் சாயறது நல்லா இருக்கு, ஆனா விருந்தினர் மேல வேணாம்," என்றார்.

அதற்குப் பிறகு பயனாளியைப் பேணுவது என்று ஒரு வேலை தொடங்கியது. நடேசனுக்கு அதில்தான் தூக்கமே போனது. சம்பத்தின் காலில் நீர் கோத்து வீங்கியது. ஆக்னஸ் மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடித்தாள். நடேசன் சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு குடுத்தீங்க?"

"வீங்கியிருந்துது சார்."

"சிஸ்டர், இப்பவே நீங்க வடிச்சுட்டா, நாளைக்குத் திட்டம் எதை வடிக்கும்? திட்டத்துக்குன்னு கொஞ்சம் நோயை விட்டு வைக்கணும் இல்லையா?"

மாத்திரையை நிறுத்தினார்கள். மறுவாரம் சம்பத்தால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்கினான். நடேசன் பதறிப்போய் மாத்திரையைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். தேறவும் கூடாது, தேயவும் கூடாது. தேர்ந்தெடுத்த அன்று எப்படி இருந்தானோ அப்படியே இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. போட்டோ எடுத்துப் போஸ்டர் அடித்துவிட்டார்கள் அல்லவா, ஆள் அதற்குப் பொருந்த வேண்டாமா?

விழாத் தேதி வந்து வந்து போனது. ஒரு தடவை விருந்தினர் வெளிநாடு போனார், அங்கே சுகாதாரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க. அப்புறம் ஆடி பிறந்தது. அரசாங்கம் நல்ல நாள் கெட்ட நாள் பார்ப்பதில்லை என்று நடேசன் அழுத்தமாகச் சொன்னார். ஆனால் ஊரிலிருக்கிற மைக் செட்டும் பந்தலும் மொத்தமாக அம்மன் கோயில் கூழ் ஊற்றப் போய்விட்டன. ஆவணியில் கல்யாணங்கள், மண்டபம் இல்லை. புரட்டாசியில் மழை.

ரேணுகா இரண்டு பஸ் மாறி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கணினியைப் பார்த்தார். "இவரு முதல் பயனாளி. முதல் பயனாளிக்கு முன்னால யாருக்கும் செய்யக் கூடாதுன்னு இருக்கும்மா."

"அவருதான் சார் முதல் பயனாளி."

"அவருக்கும்தான்."

வீட்டுக்கு வந்தால் வாசலில் தாயம்மா. அடுத்த தெருக்காரி, வாய்க்குப் பேர் போனவள். அவள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நின்றுபோயிருந்தது.

"இந்தா ரேணுகா, உன் ஊட்டுக்காரன் எப்பம்மா மேடை ஏறுவாரு? அவரு ஏறினாத்தான் எங்க கியவிக்குக் கண்ணு தெரியுமாம்."

"நானா தாயி நிறுத்தி வச்சிகீறேன்?"

"லட்டு குடுத்தது நீதானே? சொல்லு அவராண்ட, சீக்கிரம் ஏறச் சொல்லி. எங்க கியவி சாம்பார்னு நெனச்சி கை கழுவுன தண்ணிய ஊத்திக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு தெருவில் சிலர் சிரிக்காமலும் சொன்னார்கள். கோவில்பதாகையிலும் சேக்காட்டிலும் எத்தனையோ பேருடைய குடலிறக்கமும் கர்ப்பப்பையும் முழங்காலும் சம்பத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றன. அவன் கடைக்குப் போனால் ஜனங்கள் அவன் நடையைப் பார்த்தார்கள், ஆள் தாங்குவானா என்று. பத்திரமாகப் போகச் சொன்னார்கள். அவன்மேல் அவ்வளவு அக்கறையை அவன் பிறந்ததிலிருந்து யாரும் காட்டியதில்லை.

கடைசியில் ஐப்பசியில் ஒரு நாள் விழா நடந்தேவிட்டது.

சம்பத்தை வேனில் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சந்தன நிறச் சட்டை போட்டுவிட்டாள் நிவேதிதா. காலர் சரியாக உட்காரவில்லை என்று ரேணுகாவின் கை துடித்தது. நடேசன் வரவேற்புரை சொன்னார்.

"பெருமக்களே! நோய் வந்தால் உடனே சிகிச்சை என்பது பழைய காலத்து அவசர முறை. அதில் திட்டமிடல் இல்லை, நோயாளிக்கு மரியாதை இல்லை. முழுநலத்தில் நோயாளியைக் கண்டுபிடிக்கிறோம், பதிகிறோம், பயிற்சி தருகிறோம், மேடையேற்றுகிறோம். இந்தப் பல மாதங்களில் இப்பகுதியில் ஒரு ஆபரேஷனில்கூடத் தவறு நடக்கவில்லை. ஏனென்றால் ஒரு ஆபரேஷனும் நடக்கவில்லை. இந்தச் சாதனையை எந்த நாடும் செய்ததில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் காத்திருப்போர் பட்டியலே கிடையாது. காத்திருப்பவர்கள் அனைவரையும் பயனாளிகள் என்று பெயர் மாற்றிவிட்டோம்!"

கைதட்டல் அடங்கியதும் சம்பத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். வலது காலை முதலில் வைத்தான். நின்று நின்று ஏறினான். மூச்சை அடக்கிக்கொண்டான். கதவு மாதிரி அட்டையை இரண்டு கையாலும் வாங்கினான், கேமராவைப் பார்த்தான். கீழே உட்கார்ந்திருந்த ரேணுகாவுக்கு உயிர் வந்தது. முடிந்தது, இனி ஆபரேஷன்தான் என்று நினைத்தாள்.

அப்போதுதான் சிறப்பு விருந்தினர், நல்ல மனிதர், எழுதிக் கொடுக்காத ஒன்றைச் செய்தார். சம்பத்தின் தோளில் கை வைத்து மைக்கிலேயே அன்பாகக் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

ஒத்திகையில் அருள் இதைக் கேட்டதில்லை. சம்பத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் தோளில் கை போட்டுக் கேட்கும்போது நம்மில் யார் என்ன சொல்வோமோ அதைத்தான் அவனும் சொன்னான்.

"நல்லா கீறேன் சார். நீங்க நல்லா கீறீங்களா?"

மண்டபம் அதிர்ந்தது. விருந்தினரே கண் கலங்கினார். சாயங்காலத்துக்குள் எல்லோர் போனிலும் அந்தக் காட்சி ஓடியது.

மறுநாள் காலையில் ரேணுகா பையில் லுங்கி, டம்ளர், ஹார்லிக்ஸ் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஜன்னல்காரர் கணினியைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, சம்பத்தின் கையைக் குலுக்கினார்.

"உங்களுக்குத்தான் குணமாயிடுச்சே!"

"இன்னா சார் சொல்றீங்கோ?" என்றாள் ரேணுகா.

"பயனாளி நலமாக உள்ளதாக, சிறப்பு விருந்தினர் முன்னிலையில், பொதுமக்கள் சாட்சியாகத் தாமே தெரிவித்துள்ளார். ஆபரேஷன் தேவையில்லைனு போட்டு முடிச்சிருக்காங்க."

ரேணுகா பையைத் தூக்கிக்கொண்டு நேராக நடேசனின் அலுவலகத்துக்குப் போனாள். சம்பத் படியேற முடியாமல் கீழே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். நடேசன் அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவர் மேஜையில் அந்தக் காட்சியை அதற்குள் படமாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்.

"சார், அது பேச்சுக்குச் சொன்னது சார். யாராவது கேட்டா அப்பிடித்தானே சொல்லுவோம்?"

"அப்போ பொய் சொன்னாரா?"

"ஐயோ, பொய் இல்ல சார்."

"பொய் இல்லேன்னா நலமா இருக்கார். ஆபரேஷன் வேண்டாம். பொய்னா, விருந்தினரை ஏமாத்தியிருக்கார், திட்டத்துலேர்ந்து நீக்கணும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்கம்மா. முழுநலத்துல முடிவு எப்பவும் பயனாளி கையிலதான்."

ரேணுகா டீயைத் தள்ளி வைத்தாள். நடேசன் குரலைத் தாழ்த்தினார், மனம் விட்டுப் பேசுகிறவர் போல. "உள்ளதைச் சொல்றேன். அட்டையைக் கையில வாங்கின நிமிஷமே குணமானது உலகத்துலயே உங்க வீட்டுக்காரர்தான். இதைப் படிக்க வரோம்னு வேற ஊர்லேர்ந்தெல்லாம் நேத்து ராத்திரியே போன் பண்ணிட்டாங்க. ஆபரேஷன் செலவே இல்லாத மருத்துவம்! இப்போ போய் அவரை நோயாளின்னா, ராத்திரியே அனுப்பின அறிக்கையெல்லாம் என்ன ஆறது? என்னையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

"அவரு கீழ மரத்தடியில கீறாரு சார். ஒரு தபா வந்து பாருங்க."

நடேசன் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். "உக்காந்துதானே இருக்கார்? நல்லாத்தான் இருக்கார்."

மேல்முறையீட்டுக்கு ஒரு குழு இருக்கிறது, எழுதிப் போடுங்கள் என்று அனுப்பிவைத்தார். ஆக்னஸ் எழுதிக் கொடுத்தாள். திட்டம் தொடங்கிவிட்டதால் இதற்குள் தாயம்மாவின் மாமியாருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. கிழவி வந்து சம்பத்தைப் பார்த்து, "இன்னா நைனா இப்பிடி கறுத்துப்பூட்ட?" என்று கேட்டாள். ஊரில் அதைப் பார்க்கத் தெரிந்தது அந்த ஒரு கண்ணுக்குத்தான்.

கார்த்திகையில் குழு கூப்பிட்டது. நேரில் வர வேண்டாம், போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம். பயனாளியை அலைக்கழிக்கக் கூடாது என்பது சீர்திருத்தத்தின் கொள்கை. விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள் என்று ஆக்னஸ் விசாரித்துச் சொன்னாள். அதே கேள்வி.

இந்தத் தடவை ரேணுகாவே ஒத்திகை நடத்தினாள். சம்பத் சுவரில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்றாள் ரேணுகா, விருந்தினர் குரலில்.

"நல்லா..."

"யோவ்!"

"வாயில வந்துருது ரேணு."

"கஸ்மாலம், வாயை மூடிக்கினு யோசிச்சி சொல்லுயா. நல்லா இல்ல சார்னு சொல்லு. மூச்சு உட முடியலன்னு சொல்லு."

"ஒருத்தரு அக்கறையா கேக்கசொல்லோ நல்லா இல்லன்னா, அவங்களுக்கு மனசு கஷ்டமாப்பூடும்ல?"

"பூட்டும். ஒரு நாளு கஷ்டப்படட்டும்."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலானது. மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னான். மெல்ல மெல்ல நாக்கு பழகியது. ஆக்னஸும் தன் வேலைக்கு நடுவில் வந்து கேட்டுப் பார்த்தாள். "நல்லா இல்ல சிஸ்டர்," என்று அவன் சொன்னபோது அவள் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள், பின்பு கை தட்டினாள்.

விசாரணை நாளில் போனை டம்ளரில் சாய்த்து அவன் முன்னால் வைத்தாள் ரேணுகா. சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் தெரிந்தன. ஒரு கட்டத்தில் நடேசன். நடுக் கட்டத்தில் குழுத் தலைவர், கண்ணாடி போட்ட பெரியவர். சீர்திருத்தத்தில் கருணையின் இடம் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். கடைசிக் குரலையும் கேட்கும்வரை தமக்கு உறக்கம் வராது என்றார். அப்புறம் குனிந்து காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சம்பத், எப்படி இருக்கீங்க?"

சம்பத் ரேணுகாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்கே மூச்சு போயிற்று. அதைத் திரும்பப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, கூவி ஆள் ஏற்றிய அந்தப் பழைய குரலில் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டிச் சொன்னான்.

"நல்லா இல்ல சார். மூச்சு... உட முடியல. படுக்க முடியல. பயமா கீது சார். நான் அன்னிக்கி... மரியாதைக்கி சொன்னது. மன்னிச்சிக்கோங்க. காப்பாத்துங்க சார்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டான்.

தலைவர் புன்னகையோடு காத்துக்கொண்டிருந்தார். நடேசன் எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ரேணுகா பார்த்தாள், தங்கள் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு மைக் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அழுத்தினாள். 'விசாரணையின் கண்ணியம் கருதி மனுதாரர்களின் ஒலி மூடப்பட்டுள்ளது' என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதுவே வந்தது. கையை ஆட்டினாள். தலைவரும் அன்பாகக் கையை ஆட்டினார்.

"மனுதாரருக்குப் போதிய அவகாசம் கொடுத்தோம்," என்று அவர் ஆரம்பித்தார். "மறுப்பு எதையும்..."

ரேணுகா போனை எடுத்து மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மிச்சத் தீர்ப்பு அவள் புடவைக்குள்ளேயே முணுமுணுத்து அடங்கியது.

சம்பத் கண்ணைத் திறக்கவில்லை. "சரியா சொன்னனா?"

"சரியா சொன்ன."

"கேட்டுச்சா அவங்களுக்கு?"

"கேட்டுச்சியா. நல்லா கேட்டுச்சி."

அவன் மூச்சைத் திரும்பப் பிடித்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "மனசு கஷ்டப்பட்டாங்களா?"

"ரொம்ப கஷ்டப்பட்டாங்கயா," என்றாள் ரேணுகா.

"பாவம்," என்றான் சம்பத்.